ஈடு வைத்த வீடும் ஈடு செய்யும் கடமையும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது நம் முன்னோர் வாக்கு. அம்முதுமொழியோடு, 'வீட்டை விற்றுப் பார்' என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருக்கலாம் என்று எண்ணும்படியான நிகழ்ச்சி ஒன்று கூடலூரில், எம் பங்கில் நடந்தது. "நாலு குடும்பங்களுக்குப் பயன்படுமானால் எழுதுங்கள், சாமி" என்று இரு தரப்பாரும் இசைவு தந்த பின்பே இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய செய்திகளை விட்டுவிட்டேன். இதில் எதுவும் ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. குருமனைத் திண்ணையில், பலர் முன்னிலையில் வெளிப்படையாகப் பேசப்பட்டவையே.

சில ஆண்டுகளுக்கு முன், தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் உழைத்த ஒருவர் காலமானார். தோட்டத்து லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை அவர் மனைவிக்கு ஏற்பட்டது. கணவருடைய சேமநல நிதி, பணிக்கொடை, மகன் அனுப்பி வைத்த தொகை, கழுத்தில் காதில் இருந்தவை எல்லாவற்றையும் சேர்த்து, 8 இலட்ச ரூபாயில் ஒரு சிறு வீட்டை வாங்க முன்வந்தார். பட்டா நிலத்தில் முறையாகக் கட்டப்பட்ட வீடு. விற்க வந்தவரோ நம் ஆலயத்தில் ஞாயிறுதோறும் வாசகம் வாசிப்பவர். திருவிழாக் காலங்களில் முன்னின்று உழைப்பவர்.

அந்த அம்மா என்னிடம் வந்து, "சாமி, அவரிடம் வாங்கலாமா?" என்று கேட்டார். "இப்பங்கிற்கு வந்த நாள் முதல் அவரை அறிவேன். தயங்காமல் வாங்குங்கள்" என்றேன். ஒரு நொடியில் சொன்ன அந்தச் சொல்லைப் பின்னர் எத்தனையோ முறை நினைத்து வருந்தினேன்.

பத்திர எழுத்தர் வில்லங்கச் சான்றிதழ் எடுத்தார். 5 ஆண்டுகளுக்கு மட்டும் எடுத்தார். அதில் ஒன்றும் இல்லை. மூலப் பத்திரம் எங்கே என்று கேட்டபோது, மழையில் நனைந்து நைந்து போயிற்று என்று கூறி, விற்பவர் சான்றிட்ட நகல் ஒன்றைக் காட்டினார். நம் ஊர் மழையை அறிந்தவர்கள் அதை ஐயுறவில்லை. கிரயப் பத்திரம் பதிவாயிற்று. புது வீட்டை நானே சென்று மந்திரித்தேன்.

14 மாதங்கள் கழித்து அவ்வீட்டு முகவரிக்கு ஒரு வக்கீல் நோட்டீசு வந்தது. விற்பனைக்கு 7 ஆண்டுகளுக்கு முன் அவ்வீடு 2 இலட்ச ரூபாய்க்கு அடமானம் வைக்கப்பட்டிருந்தது. அடமானப் பத்திரமும் முறைப்படி பதிவாகியிருந்தது. வட்டியோடு சேர்ந்து கடன் 4,60,000 ரூபாயாக வளர்ந்திருந்தது. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அந்த அம்மா நோட்டீசைக் கையில் பிடித்தபடி வந்தார். "சாமி, நீங்கள் சொன்னதால்தான்..." என்று தொடங்கியவர் அதற்குமேல் பேசவில்லை.

கடன் குற்றமன்று

அந்தச் சகோதரர் கடன் வாங்கியது குற்றமன்று. மனைவியின் அறுவைச் சிகிச்சைக்காக வாங்கினார். ஈடு வைத்த வீட்டை விற்க முயன்றதும் குற்றமன்று. நம் மக்களிற் பலர் இந்த உண்மையை அறியாமையால்தான் தவறான வழியில் இறங்குகிறார்கள். 'அடமானம் இருப்பது தெரிந்தால் எவரும் வாங்கமாட்டார்' என்ற அச்சம் மறைக்கத் தூண்டுகிறது, மறைத்தலே பாவமாகிறது.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இன்றும் நம் நாட்டில் இவற்றையெல்லாம் ஆள்கிறது. அச்சட்டப்படி, வீட்டை ஈடு வைத்த பின்னும் வைத்தவரே அதன் உரிமையாளர். பணத்தைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று 60-ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே அவர் அதை விற்கலாம். ஆனால் கடனும் வீட்டைத் தொடர்ந்தே செல்லும். பதிவான அடமானத்தை வாங்குபவர் நேரில் பார்த்திராவிட்டாலும், அறிந்தவராகவே சட்டம் அவரைக் கருதும். 'எனக்குத் தெரியாது' என்ற சொல் நீதிமன்றத்தில் செல்லாது. அந்த அம்மா கடனுக்குத் தாமே பொறுப்பாளி ஆகார். எனினும் கடன் தீராவிடில், நீதிமன்றத்தின் வழியாக அவ்வீடு ஏலத்துக்குப் போகக்கூடும்.

விற்பவருடைய கடமைகளை அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு எடுத்துரைக்கிறது. வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள இயலாததும், தாம் அறிந்ததுமான முக்கியக் குறைகளை அவர் வெளிப்படுத்த வேண்டும். கடனோடு விற்பதாகப் பேசியிருந்தாலன்றி, விற்பனை நாள் வரை அச்சொத்தின் மேலுள்ள பாரங்களையும் அவரே தீர்க்க வேண்டும். வேண்டுமென்றே மறைத்து விற்பவர் மீது ஏமாற்று வழக்கும் தொடரலாம்.

திருச்சபை கற்பிப்பது

சட்டத்துக்கு நெடுங்காலம் முன்னரே திருச்சபையின் ஆசிரியர்கள் இதைக் கற்பித்துள்ளனர். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயராக விளங்கிய புனித அம்புரோசியார், ஆயராகுமுன் ஆளுநராகப் பணியாற்றியவர். மக்களின் வழக்குகளை நன்கறிந்தவர். விற்கும் பொருளின் குறையை விற்பவர் கூறக் கடமைப்பட்டவர் என்று அவர் எழுதினார். 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இதற்கென்றே தனியாக ஒரு வினா எழுப்பி விடை தருகிறார். அவர் கூறுவதன் சாரம் இது: குறை கண்ணுக்குத் தெரிவதாயிருந்து, அதற்கேற்ப விலையும் குறைந்திருந்தால், விற்பவர் அதை எடுத்துக் கூறாமலிருக்கலாம், குறை மறைவானதாயிருந்து, வாங்குபவருக்கு நட்டமோ ஆபத்தோ விளைவிக்குமாயின், கூறியே தீரவேண்டும். இடிந்து விழும் வீட்டை உறுதியான வீடென்று விற்பதை அவரே எடுத்துக்காட்டாகத் தருகிறார். அடமானம் வைத்த வீட்டின் சுவர் உறுதியாகவே நிற்கலாம். ஆனால் அதன் உரிமையில் விரிசல் உண்டு. அவ்விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

விவிலியத்தில் நில விற்பனை ஒன்று நுணுக்கமாக விவரிக்கப்படுகிறது. எரேமியா இறைவாக்கினர் சிறைப்பட்டிருக்கையில், எருசலேமைப் பகைவர் முற்றுகையிட்டிருந்த வேளையில், தம் உறவினரிடம் அனத்தோத்தில் இருந்த நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். பணம் நிறுக்கப்பட்டது, பத்திரம் எழுதப்பட்டது, சாட்சிகள் கையெழுத்திட்டனர். முத்திரையிட்ட படி ஒன்று, திறந்த படி ஒன்று என இரண்டும் மண்பாண்டத்தில் வைத்துக் காக்கப்பட்டன. அது எரேமியா நூலின் 32-ஆம் அதிகாரம். உறவினருக்கிடையே நடந்த விற்பனைதானே என்று அவர் எதையும் விட்டுவிடவில்லை. நாடே அழியும் நேரத்திலும், எவரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு படி இருக்கச் செய்தார்.

இதற்கு நேர்மாறானது அப்போஸ்தலர் பணி நூலின் 5-ஆம் அதிகாரத்தில் வரும் அனனியா, சப்பீரா தம்பதியரின் கதை. அவர்கள் நிலத்தை விற்றதும் குற்றமன்று. பணத்தில் ஒரு பகுதியைத் தமக்கென வைத்துக்கொண்டதும் குற்றமன்று. அது அவர்கள் விருப்பத்துக்கு உட்பட்டது என்று பேதுருவே கூறினார். ஒரு பகுதியை முழுமை என்று காட்டியதே அவர்கள் செய்த குற்றம்.

நேர்மையாக விற்கும் வழிகள்

கடனுள்ள வீட்டை நேர்மையாக விற்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கடனை முன்னதாகவே தீர்ப்பது. தீர்த்தபின் கடன் கொடுத்தவரிடம் கையெழுத்துப் பெற்றால் மட்டும் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீதுப் பத்திரம் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றிதழில் கடன் தீர்ந்த செய்தி ஏறும். வங்கிக் கடனாயின், இந்திய ரிசர்வ் வங்கி 2023-ஆம் ஆண்டு பிறப்பித்த ஆணைப்படி, கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவற்றால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் கொடுக்க வேண்டும்.

கையில் பணமில்லாதவருக்கு இரண்டாவது வழி உண்டு. விற்பவர், வாங்குபவர், கடன் கொடுத்தவர் மூவரும் ஓரிடத்தில் அமர்வது அது. இன்ன தேதியில் இவ்வளவு பாக்கி, இன்னின்ன ஆவணங்கள் எம்மிடம் உள்ளன என்று கடன் கொடுத்தவரிடம் எழுத்துமூலம் பெறவேண்டும். கிரய ஒப்பந்தத்தில் அக்கடனைக் குறிப்பிட வேண்டும். வாங்குபவர் விலையில் அந்தப் பகுதியை விற்பவர் கையில் கொடுக்காமல், வங்கி வரைவோலையாக நேரே கடன் கொடுத்தவருக்கே செலுத்த வேண்டும். ரசீதுப் பத்திரத்தையும் கிரயப் பத்திரத்தையும் ஒரே நாளில் பதிவு செய்துகொள்ளலாம். வில்லங்கமில்லாத சொத்தாக விற்கப்படும்போது, கடன் தொகையை விலையிலிருந்து நிறுத்திவைத்து, உரியவருக்குத் தாமே செலுத்த வாங்குபவருக்குச் சட்டமே இடமளிக்கிறது.

மூன்றாவது வழி, கடனோடு சேர்த்தே விற்பது. கடனைத் தாம் ஏற்பதாக வாங்குபவர் ஒப்புக்கொள்வார். அதற்கேற்ப விலை குறையும். கடன் கொடுத்தவர் எழுத்துமூலம் இசையாதவரை, வாங்கியவர் கட்டத் தவறினால் பழைய கடனாளியே பொறுப்பாவார் என்பதை மறக்கலாகாது. வங்கிக் கடன் தவணை தவறி, 2002-ஆம் ஆண்டின் சர்பாசிச் சட்டப்படி 60 நாள் நோட்டீசு வந்துவிட்டதாயின், வங்கியின் எழுத்துமூலமான இசைவின்றி விற்கவே இயலாது. நோட்டீசு வருமுன்னரே வங்கிக்குச் சென்று பேசிவிடுவது அறிவுடைமை.

வாங்குவோர் கவனத்திற்கு

வாங்குபவருக்கும் கடமை உண்டு. ஒருவரை நம்புவது அன்பின் செயல். ஆவணத்தைப் பார்ப்பது விவேகத்தின் செயல். விவேகமும் புண்ணியங்களில் ஒன்றென்றே நாம் மறைக்கல்வியில் படித்திருக்கிறோம்.

வில்லங்கச் சான்றிதழை 30 ஆண்டுகளுக்காவது எடுக்க வேண்டும். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஈட்டுப் பணத்துக்காக வழக்கிட, பணம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 12 ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஈட்டை மீட்க வழக்கிட 30 ஆண்டுகள். 5 ஆண்டுகளை மட்டும் தேடினால் எத்தகைய கடன்கள் கண்ணுக்குத் தப்பும் என்பதை எங்கள் அனுபவமே காட்டிவிட்டது. இப்போது பதிவுத் துறையின் இணையதளத்திலேயே இவ்விவரங்களைப் பார்க்கலாம். பங்கு இளைஞர் எவரிடம் கேட்டாலும் எடுத்துத் தருவார்.

மூலப் பத்திரத்தைக் கண்ணால் காணாமல் முன்பணம் கொடுக்கலாகாது. அது வீட்டில் இல்லையென்றால் வேறு யாரிடமோ இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தொலைந்துபோயிருந்தால், காவல் நிலையத்தில் கொடுத்த புகாரும் அதற்கு அவர்கள் தந்த சான்றும் இருக்க வேண்டும். வங்கிகளிடம் பத்திரம் ஒப்படைக்கப்பட்டுள்ளதா என்று அறிய, 2011 முதல் இயங்கிவரும் செர்சாய் என்னும் மையப் பதிவேட்டிலும் சிறு கட்டணம் செலுத்தித் தேடலாம். எந்த ஏட்டிலும் பதிவாகாத கைக்கடன்களும் உண்டாதலால், விற்பவரிடம் நேருக்கு நேர், 'இவ்வீட்டின் மேல் எவருக்காவது நீங்கள் கொடுக்க வேண்டியது உண்டா?' என்று சாட்சிகள் முன் கேட்டு, விடையைப் பத்திரத்தில் எழுதிக்கொள்வது நலம். இதைக் கேட்பது அவமதிப்பாகாது. நேர்மையுள்ளவர் இக்கேள்வியால் புண்படமாட்டார். தடுமாற்றத்தில் இருப்பவருக்கோ, உண்மையைச் சொல்ல இது ஒரு வாய்ப்பாகும்.

கூடலூரின் தனி வில்லங்கம்

நம் கூடலூர், பந்தலூர்ப் பகுதிக்கு வேறெங்கும் இல்லாத வில்லங்கம் ஒன்றும் உண்டு. இப்பகுதி முன்னர் மலபாரின் வயநாட்டைச் சேர்ந்திருந்து, 1877-இல் நீலகிரி மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. இந்நிலங்களின் ஜென்மிகளாக விளங்கிய நிலம்பூர்க் கோவிலகத்தாரிடமிருந்து தோட்டக்காரரும் குடியேறியவரும் குத்தகைக்கு நிலம் பெற்றனர். 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் ஏறக்குறைய 80,000 ஏக்கரை அரசிடம் சேர்க்க வழிசெய்தது. காடுகளைப் பொறுத்தவரை அச்சட்டம் செல்லாது என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1974-இல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் அச்சட்டம் சேர்க்கப்பட்டது. அதிலிருந்து எழுந்த வழக்கில்தான் 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கினர். 1973 ஏப்ரல் 24-க்குப் பின் அவ்வட்டவணையில் சேர்ந்த சட்டங்களும் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்புக்கு உட்பட்டவையே என்றனர். இப்பகுதிக் காடுகளுக்காகக் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாட் 1995-இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12-இல் நாடு முழுமைக்குமான வன ஆணை பிறந்தது. நாட்டின் சட்ட மாணவர்கள் கூடலூரை இவ்வழக்குகளால் அறிவார்கள். இங்குள்ள எத்தனையோ குடும்பங்களோ, 'செக்‌ஷன் 17 நிலம்' என்று வழங்கும் இடங்களில், பட்டா இன்றி, தீர்வுக்காகக் காத்திருக்கின்றன.

இத்தகைய நிலத்திலுள்ள வீட்டை, வெற்றுத்தாளில் எழுதிக் கைமாற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. இலங்கையிலிருந்து 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தாயகம் வந்தோர், கேரளத்திலிருந்து வந்து குடியேறியோர் எனப் பலரும் வேறு வழியின்றி இவ்வாறு செய்திருக்கின்றனர். அவர்கள் துயரை நான் அறிவேன். எனினும், பட்டா இல்லாத இடத்தை 'விரைவில் பட்டா வந்துவிடும்' என்று உறுதி கூறி விற்பது, அடமானத்தை மறைத்து விற்பதற்கு ஒப்பானதே. தமக்கு இருப்பது அனுபோகம் மட்டுமே எனில், அவ்வாறே சொல்ல வேண்டும். வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு வருபவர், தாம் எதை வாங்குகிறோம் என்பதைத் தெரிந்து வாங்கட்டும்.

திண்ணையில் முடிந்த வழக்கு

மீண்டும் எங்கள் நிகழ்ச்சிக்கு வருகிறேன். விற்றவரை அழைத்துக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. விலைப் பணம் வந்தவுடன் கடனைத் தீர்த்துவிடுவதாகவே எண்ணியிருந்தாராம். பணம் கைக்கு வந்ததும் மகனின் வெளிநாட்டுப் பயணச் செலவு முந்திக்கொண்டது. அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று நாட்கள் ஓடின. "சாமி, நான் திருடன் இல்லை" என்றார். அவர் திருட எண்ணவில்லை என்பதை நம்பினேன். ஆனால் ஒரு விதவையின் கூரை அவருடைய மௌனத்தால் ஆட்டங்கண்டிருந்தது. திருச்சபையின் மறைக்கல்வி ஏழாம் கட்டளையை விளக்குகையில், அநீதியால் விளைந்த நட்டத்தை ஈடு செய்யும் கடமையை வற்புறுத்துகிறது. மனம் வருந்துவது தொடக்கம். சக்கேயு தம் வீட்டில் ஆண்டவர் முன் எழுந்து நின்று கணக்குச் சொன்னதே அதன் நிறைவு.

மூவரையும் குருமனைத் திண்ணைக்கு வரவழைத்தோம். சட்டம் அறிந்த ஒருவரும் உடனிருந்தார். கடன் கொடுத்த வணிகரைப் பற்றிப் பங்கில் பலரும் கடுமையாகப் பேசியிருந்தார்கள். அவர் அமைதியாக ஒன்று சொன்னார்: "என் பத்திரம் அத்தனை ஆண்டுகளாகப் பதிவு ஆபீசில்தான் இருக்கிறது, சாமி. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாமே." எங்களிடம் விடை இல்லை. அங்கிருந்தவர்களில் எதையும் மறைக்காதவர் அவர் ஒருவரே.

அவர் வட்டியில் 1 இலட்சத்தைத் தள்ளினார். மீதி 3,60,000 ரூபாயை விற்றவரும் அவர் மகனும் மாதம் 15,000 வீதம் 24 மாதங்களில் கட்டுவதென்று எழுத்தில் முடிவாயிற்று. தவணை தவறாதவரை வழக்கிடுவதில்லை என்று வணிகரும் எழுதிக்கொடுத்தார். என் பங்கிற்கு நானும் பரிகாரம் ஒன்றை ஏற்றேன். மாதந்தோறும் தவணை ரசீதைப் பெற்று, அந்த அம்மாவின் வீட்டுக்குச் சென்று அவர் கையில் கொடுப்பது அது. மழைக்காலத்தில் அந்த ஏற்றத்தில் குடை பிடித்து ஏறியபோதெல்லாம், ஆராயாமல் சொல்லும் ஒரு சொல்லின் விலையை உணர்ந்தேன்.

24 தவணைகளும் தீர்ந்தன. சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீதுப் பத்திரம் பதிவாயிற்று. மூலப் பத்திரம் நனையவும் இல்லை, நையவும் இல்லை. வணிகரின் பெட்டியிலிருந்து வெளிவந்து உரியவரிடம் சேர்ந்தது. இரு குடும்பங்களுக்கும் இடையே பழைய உறவு முழுதும் திரும்பிவிட்டதென்று கூறமாட்டேன். அந்தச் சகோதரர் தாமாகவே வாசகம் வாசிப்பதை நிறுத்திக்கொண்டார். சென்ற உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன், "மறுபடியும் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள், சாமி" என்று என்னிடம் கேட்டவர் அந்த அம்மாதான்.

இப்போது எவரேனும் என்னிடம் வந்து, 'இன்னாரிடம் வீடு வாங்கலாமா?' என்று கேட்டால், அவர் நல்லவரா என்பதற்கு நான் விடை சொல்வதில்லை. "மூலப் பத்திரத்தைப் பார்த்தீர்களா? வில்லங்கம் 30 ஆண்டுகளுக்கு எடுத்தீர்களா?" என்றே கேட்கிறேன். விற்க எண்ணும் குடும்பத்தாருக்கோ இதைக் கூறுகிறேன்: உங்கள் வீட்டின் மேல் கடன் இருந்தால் அஞ்ச வேண்டாம். முன்பணம் வாங்கும் நாளிலேயே அதை வாய் திறந்து சொல்லிவிடுங்கள். விலை சற்றுக் குறையலாம். அந்த வீட்டில் குடியேறுபவர் முதல் இரவு நிம்மதியாக உறங்குவார்; நீங்களும் உறங்குவீர்கள்.